ஒரே அளவில் வந்த கவசம்

முதல் முறை மாட்டியபோது அந்தக் கவசம் என் தொடை வரை தொங்கியது. நான் ஒன்றும் குள்ளம் இல்லை, உயரம் அளந்து பார்த்துத்தான் என்னைப் போலீஸில் எடுத்தார்கள். இருந்தும் தோளில் நிற்க வேண்டிய பட்டை சரிந்து மேல்கைக்கு இறங்கியது. மார்பைக் காக்க வேண்டிய பலகை வயிற்றில் உட்கார்ந்துகொண்டது. உட்கார்ந்தால் அதன் மேல்விளிம்பு நேராக வந்து தாடையில் இடித்தது. பக்கத்தில் நின்ற என் தோழி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இன்னாக்கா, ஆமை மாதிரி கீற?" என்றாள். அவளும் அப்படித்தான் இருந்தாள். அன்றைக்கு எங்களால் சிரிக்க முடிந்தது.

நாங்கள் இருவரும் தி.நகரில் ஒரே காவல் நிலையத்தில் வேலை பார்த்தோம். நான் ஏட்டு, அவள் முதல்நிலைக் காவலர். நான் மயிலாப்பூரில் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் வளர்ந்து, கல்யாணமாகி ஆதம்பாக்கத்துக்குப் போனவள். அவள் கால்வாய்க்கரையில் பிறந்தவள். தண்ணீர் லாரிக்குக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு, அந்தக் குடத்தின் மேலேயே புத்தகத்தை வைத்துப் படித்தேன் என்று சொல்வாள். என்னைவிட ரொம்பச் சின்னவள். தீபாவளிக் கூட்டத்தில் கைக்குழந்தையைத் தவறவிட்டுக் கதறும் தாயிடம் அவள்தான் முதலில் ஓடுவாள். திருடனைப் பிடிப்பதில் அவளுக்கு அவ்வளவு ஆசை கிடையாது. அழுகிறவர்களைச் சமாதானப்படுத்துவதில் அவளை மிஞ்ச எங்கள் நிலையத்தில் ஆள் இல்லை. அதற்காகவே எஸ்.ஐ. ஆக வேண்டும் என்பாள். "எஸ்.ஐ.யானா நாலு பேரு நம்ம பேச்ச கேப்பாங்க இல்ல?" என்பாள்.

கவசம் வந்த கதையைச் சொல்கிறேன். காவல்துறையை நவீனமாக்க அரசு நிதி ஒதுக்கியது. கலவரத்தின்போது அணிகிற தலைக்கவசம், மார்புக் கவசம், கேடயம், முழங்கால் காப்பு எல்லாம் புதிதாக வந்து இறங்கின. சும்மா சொல்லக்கூடாது, பணம் ஒதுக்கினார்களே என்று நான் உண்மையிலேயே மகிழ்ந்தேன். அதற்கு முன்னால் எங்களிடம் இருந்தவை விரிசல் விட்ட கேடயங்களும், யார் யார் தலையிலோ இருந்து வந்த தலைக்கவசங்களும்தான். அவற்றின் உள்ளே பழைய வியர்வை நாறும். செய்தித்தாளை மடித்து உள்ளே வைத்துத்தான் போட்டுக்கொள்வோம். எங்கள் நிலையத்து ஆண் காவலர் ஒருவருக்கு முகமறைப்பு இல்லாத தலைக்கவசத்தால் கண்ணுக்கு மேலே தையல் விழுந்திருந்தது. எனவே பெட்டிகள் வந்திறங்கியபோது, இனி யாருக்கும் அப்படி ஆகாது என்று நினைத்தேன்.

கவசங்களை வழங்கும் விழா ஒரு மைதானத்தில் நடந்தது. பெண் போலீஸ் முன்வரிசையில் நின்றால் படம் நன்றாக வரும் என்று மேலே யாரோ சொல்லியிருக்கிறார்கள். எங்கள் நிலையத்திலிருந்து என்னையும் அவளையும் இன்னும் சிலரையும் அனுப்பினார்கள். கவசம் தொளதொளவென்று தொங்குவதைப் பார்த்த ஓர் அதிகாரி பதறிப்போய், காகிதங்களைக் கவ்வும் கறுப்புக் கிளிப்புகளைக் கொண்டுவரச் சொன்னார். எங்கள் முதுகுப் பக்கம் கவசத்தை இழுத்து மடித்து, வரிசையாகக் கிளிப் போட்டார்கள். உஸ்மான் ரோடு துணிக்கடைகளில் பொம்மைக்குச் சுடிதார் மாட்டும்போது பின்னால் குண்டூசி குத்துவார்களே, அதே மாதிரி. முன்னாலிருந்து பார்த்தால் அளவெடுத்துத் தைத்ததுபோல் இருந்தது. மறுநாள் படமும் நன்றாகவே வந்தது. என் கணவர் அதைப் பார்த்துவிட்டு, "கம்பீரமா இருக்க" என்றார். முதுகைப் படம் எடுக்கவில்லையே.

விழா முடிந்ததும் நான் எங்கள் இன்ஸ்பெக்டரிடம் போனேன். கெட்ட மனிதர் இல்லை. தென்மாவட்டத்துக்காரர், அதட்டுவார், ஆனால் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் விடுப்புக் கொடுத்துவிடுவார்.

"ஐயா, இதுல லேடீஸ் சைஸ் இல்லையா?"

"ஒரே சைஸ்தாம்மா வந்திருக்கு. யூனிவர்சல் சைஸ்."

"அப்படின்னா?"

"எல்லாருக்கும் பொதுன்னு அர்த்தம்."

"எல்லாரும்னா யாருய்யா? எங்க ஸ்டேஷன்ல இருக்கற லேடீஸ் ஒருத்தருக்கும் சேரலையே."

அவர் கையை விரித்தார். "நிதி எண்ணிக்கைக்குத்தாம்மா வந்துச்சு. அளவுக்கு வரல."

அதைவிடப் பெரிய தொல்லை தலைக்கவசம். பெண் காவலர்கள் முடியை இழுத்துப் பின்னால் கொண்டை போட வேண்டும், அது எங்கள் சீருடையின் ஒழுங்கு. கொண்டை போட்ட தலையில் அந்தக் கவசம் உட்காராது. பின்கழுத்தைக் காக்கும் பகுதி கொண்டையில் முட்டி மேலே எழும்பும், முன்பக்கம் சரிந்து புருவத்தில் இறங்கும். நிமிர்ந்து நின்றால் ஒருமாதிரி சமாளிக்கலாம். குனிந்தால் போச்சு, மொத்தமும் கண்ணை மூடிவிடும். இதையும் சொன்னேன். பக்கத்தில் இருந்த எஸ்.ஐ. ஒருவர் சிரித்துக்கொண்டே, "முடிய வெட்டிக்கங்கம்மா, பிரச்சினை தீர்ந்துச்சு" என்றார். கொண்டை போடச் சொல்வதும் அவர்கள்தான், கொண்டை நுழையாத கவசத்தைத் தருவதும் அவர்கள்தான். நடுவில் தலை மட்டும் எங்களுடையது.

பிறகு அந்த நாள் வந்தது. அடையாற்றை ஒட்டிய ஒரு குடியிருப்பைக் காலிசெய்யும் வேலை. காலையிலேயே பொக்லைன் வந்து நின்றுவிட்டது. அதன் முன்னால் பெண்கள் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். உட்கார்ந்திருப்பது பெண்கள் என்பதால் எங்களை முன்னால் நிறுத்தினார்கள். சட்டமும் அதைத்தான் சொல்கிறது. பெண்களைப் பெண் காவலர்தான் தொட வேண்டும். ஆகவே அந்த வரிசையில் முதல் கல் எங்கள் மேல்தான் விழும் என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். முதல் கல்லை வாங்கப்போகிறவர்களுக்கு ஆண்களின் கவசம்.

வெயில் ஏறிக்கொண்டே போனது. கவசத்துக்குள் வியர்வை வழிந்து சட்டை உடம்போடு ஒட்டிக்கொண்டது. என் தோழி சும்மா நிற்கவில்லை. உட்கார்ந்திருந்த ஒவ்வொருத்தியிடமும் குந்திப் பேசிக்கொண்டிருந்தாள்.

"யக்கா, நானும் கரையில பொறந்தவதான். உன் வலி எனக்குத் தெரியாதா? கொழந்தைய இட்டுக்கினு ஓரமா வந்து குந்து. மெஷினு கிட்ட வாணாம்."

"உனுக்கு யூனிபார்ம் கீது, சம்பளம் கீது. எனுக்கு இன்னா கீது? இத்த இடிச்சிட்டா நான் எங்க போவேன்?" என்றாள் ஒரு பெண்.

ஊருக்கு வெளியே, வேலைக்கும் பள்ளிக்கும் எட்டாத தூரத்தில் அவர்களுக்கு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று காலையில் எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். பாத்திரம் தேய்க்கிறவள் தினமும் அங்கிருந்து எப்படி வருவாள் என்று நாங்கள் கேட்கவில்லை. கேட்கும் இடத்தில் எங்களை வைக்கவும் இல்லை.

பொக்லைன் ஓட்டுநர் எஞ்சினைப் போட்டதும் கூட்டம் எழுந்தது. தள்ளுமுள்ளு. முன்னால் இருந்த வயதான ஒருத்தி தடுக்கி விழுந்தாள். பின்னாலிருந்து வந்த கால்கள் அவளை மிதித்துவிடும் என்று என் தோழி அவளைத் தூக்கக் குனிந்தாள்.

குனிந்ததும் தலைக்கவசம் அவள் கண்ணை மூடியது. மார்புக் கவசம் மேலே ஏறி, அதன் விளிம்பு தொண்டையில் குத்தியது. அவள் ஒரு கையால் அந்த அம்மாவைப் பிடித்துக்கொண்டு மறுகையால் தலைக்கவசத்தை மேலே தள்ளினாள். கையைத் தூக்கியதில் அவள் தோள் கவசத்திலிருந்து வெளியே வந்துவிட்டது. நான் அவளுக்குப் பக்கத்தில்தான் நின்றேன். "நிமிராதடீ!" என்று கத்தினேன். அவளுக்குக் கேட்டிருக்காது. ஒரு அரைச் செங்கல் பறந்து வந்து அவள் வலது கழுத்தெலும்பில் விழுந்தது. அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அடுத்து வந்த கல் தாடையில்.

யார் எறிந்தது என்று எனக்குத் தெரியாது. விசாரணையில் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். பார்க்கவில்லை என்று சொன்னேன், அது உண்மை. தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை. கண் முன்னால் வீடு இடிபட்டால் மனிதர்கள் கையில் கிடைத்ததை எறிவார்கள். எறிவார்கள் என்று தெரிந்துதானே கவசம்? அதற்குத்தானே அரசு பணம் கொடுத்தது? என் கோபம் செங்கல்லின் மேல் இல்லை.

அந்த வயதான அம்மாவுக்கு ஒரு கீறலும் இல்லை. அவள்தான் தன் முந்தானையைக் கிழித்து என் தோழியின் வாயில் வழிந்த ரத்தத்தைத் துடைத்தாள்.

அரசு மருத்துவமனையில் கழுத்தெலும்புக்குத் தகடு வைத்தார்கள். தாடையைக் கம்பி போட்டுக் கட்டினார்கள். அவள் கணவர் ஆட்டோ ஓட்டுகிறவர். வாசலிலேயே ஆட்டோவை நிறுத்திவிட்டு, சவாரிக்கும் போகாமல், வார்டுக்கும் வீட்டுக்கும் அலைந்துகொண்டிருந்தார். நாங்கள் பெண் காவலர்கள் முறைபோட்டு அவளுக்குத் துணை இருந்தோம். அவளால் பேச முடியவில்லை. எதையாவது கேட்டால் கண்ணால் பதில் சொல்வாள். பேச்சாலேயே ஊரைச் சமாதானப்படுத்துகிறவளின் வாயைக் கம்பியால் கட்டியிருப்பதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ ஒரு பெரிய அதிகாரி பார்க்க வந்தார். ஆப்பிள் கூடையோடு எங்கள் இன்ஸ்பெக்டரும் புகைப்படக்காரர் ஒருவரும் உடன் வந்தார்கள். அதிகாரி கட்டிலருகே நின்று, எல்லோருக்கும் கேட்கும்படிச் சொன்னார்:

"நல்லவேளை, புது ப்ரொடெக்டர் போட்டிருந்தாங்க. இல்லேன்னா உயிருக்கே ஆபத்தாயிருக்கும்."

என் தோழியின் கண் என் பக்கம் திரும்பியது. அந்தக் கண்ணில் இருந்தது வலி இல்லை. 'கேட்டியா யக்கா' என்றது அது. எனக்குள் ஏதோ அறுந்தது.

"ஐயா, அது போட்டிருந்ததாலதான் அடிபட்டுச்சு" என்றேன்.

இன்ஸ்பெக்டர் என் காலை மிதித்தார். அதிகாரி என்னைப் பார்க்காமல் இன்ஸ்பெக்டரைப் பார்த்து, "அதிர்ச்சியில இருக்காங்க போல. ரெண்டு நாள் ரெஸ்ட் குடுங்க" என்றார். மறுநாள் செய்தித்தாளில், புதிய கவசம் பெண் காவலரின் உயிரைக் காத்தது என்று படத்தோடு வந்தது. படத்தில் ஆப்பிள் கூடையும் இருந்தது. தாடைக்குக் கம்பி போட்டவளுக்கு ஆப்பிள்!

அந்தப் பழத்தை நான் யாருக்கும் கொடுக்கவில்லை. வெளியே போய், மருத்துவமனைச் சுற்றுச்சுவரில் ஒவ்வொன்றாக எறிந்து உடைத்தேன். சீருடையில் இருந்த ஒருத்தி சுவரில் ஆப்பிள் எறிவதைப் பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ. எறிந்து முடிக்கும் வரை நிறுத்த முடியவில்லை.

அதற்குப் பிறகு நான் முறைப்படி எழுதிக் கேட்டேன். பதில் வரவில்லை. சாமான்கள் வழங்கும் அலுவலகத்துக்கு நேரில் போனேன். அங்கிருந்தவர் என்னைப் பார்த்ததும் சலிப்போடு, "மறுபடி நிதி வந்தாத்தாம்மா மாத்த முடியும். இப்போ வாங்கினது எல்லாம் புதுசு. புதுசு இருக்கும்போது புதுசு எப்படிக் கேக்கறது?" என்றார். அவர் சொன்னதில் ஒரு கணக்கு இருந்தது. அந்தக் கணக்கில் என் தோழியின் கழுத்தெலும்பு எந்தப் பக்கம் வருகிறது என்று கேட்டேன். "எங்கிட்ட ஏம்மா கோவப்படறீங்க?" என்றார். ஆமாம், யாரிடம் கோபப்பட வேண்டும் என்று கேட்டால், எல்லோரும் மாடியைக் காட்டினார்கள். மாடிக்குப் போனால் அங்கேயும் ஒரு மாடி இருந்தது.

அடுத்த வாரம் வேறொரு பந்தோபஸ்து வரப்போகிறது என்று தெரிந்ததும், எங்கள் நிலையத்துப் பெண்கள் ஓய்வறையில் கூடினோம். எங்களில் ஒருத்தி கோணி ஊசியும் தடித்த நூலும் கொண்டுவந்தாள். ரங்கநாதன் தெருவில் தையல் சாமான் கடையில் வெல்க்ரோ ஒட்டுப்பட்டை வாங்கி வந்தேன். ஒருத்தி மாட்டிக்கொண்டு நிற்க, மற்றவர்கள் சாக்பீஸால் குறி போட்டோம். தோள்பட்டையை மடித்துத் தைத்தோம். இடுப்பில் ஒட்டுப்பட்டை வைத்தோம். தலைக்கவசத்தின் உள்ளே பின்பக்கத்து மெத்தையைப் பிய்த்து எடுத்துக் கொண்டைக்கு இடம் பண்ணினோம். அதனால் அங்கே அடி பட்டால் தாங்காது என்று தெரியும். குருடாக நிற்பதைவிட அது மேல் என்று முடிவு செய்தோம். எதை இழந்தால் பரவாயில்லை, கண்ணா பின்மண்டையா என்று பெண்கள் வட்டமாக உட்கார்ந்து பேசி முடிவெடுத்தது, எனக்குத் தெரிந்து எங்கள் நிலையத்தில்தான் நடந்திருக்கும்.

அந்தப் பந்தோபஸ்தில் கவசம் சரியாக நின்றது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

சில வாரங்களில் சாமான்களைச் சோதிக்க வந்தவர்கள் தையலைப் பார்த்துவிட்டார்கள். அரசு உடைமையைச் சேதப்படுத்தியதாக எனக்கு மெமோ வந்தது. மூத்தவள் நான் என்பதால் என் பெயருக்கு வந்தது. மற்றவர்கள் தங்கள் பெயரையும் சேர்க்கச் சொன்னார்கள், நான் ஒப்புக்கொள்ளவில்லை. மெமோவை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது என் கணவர் பயந்துவிட்டார். வேளச்சேரியில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறவர், சண்டை சச்சரவு தெரியாத மனிதர். "மன்னிப்புக் கேட்டு எழுதிக் குடுத்துடேன். வேலைக்கு ஆபத்து வந்துடப்போவுது" என்றார். நான் பாத்திரத்தை நங்கென்று வைத்தேன். "அவ கழுத்தெலும்பு ஒடைஞ்சதுக்கு யாருக்காவது மெமோ குடுத்தாங்களா? நான் நூல் கோத்ததுக்குக் குடுக்கறாங்க!" மீதிப் பாத்திரத்தை அவரே தேய்த்தார்.

விசாரணைக்கு ஒரு பெண் உதவி ஆணையரைப் போட்டிருந்தார்கள். நேர்மையானவர், கறாரானவர் என்று கேள்விப்பட்டிருந்தேன். கவசத்தைச் சான்றுப் பொருளாக மேசை மேல் வைத்திருந்தார்கள். பக்கத்தில் தைக்கப்படாத கவசம் ஒன்றும் கைவைக்காத தலைக்கவசம் ஒன்றும் இருந்தன, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக.

"நீங்கதான் பிரிச்சுத் தைச்சீங்களா?"

"ஆமாங்கம்மா."

"அனுமதி வாங்கினீங்களா?"

"கேட்டேன்மா. பதில் வரல."

"பதில் வரலேன்னா நீங்களே செஞ்சுடலாமா? இது தடியடி பட்டாத் தாங்கணும், கல்லடி பட்டாத் தாங்கணும்னு டெஸ்ட் பண்ணி வாங்கினது. தையல் ஊசி பட்டா அதோட தரம் போயிடும்னு உங்களுக்குத் தெரியாதா?"

அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் நியாயம் பேசுகிறவர்கள் எல்லோரும் அதை மாட்டிப் பார்க்காமலேயே பேசினார்கள். அழுதால் பலவீனம் என்பார்கள், கத்தினால் ஒழுங்கீனம் என்பார்கள். நான் நின்ற இடத்திலேயே நின்று சொன்னேன்:

"அம்மா, தைக்காதது அங்க இருக்கு. ஒரே ஒரு தடவை நீங்க போட்டுப் பாருங்கம்மா. அப்புறம் என்ன தண்டனை குடுத்தாலும் வாங்கிக்கறேன்."

வாக்குமூலத்தைப் பதிவு செய்துகொண்டிருந்தவர் எழுதுவதை நிறுத்தினார். அந்த அம்மா என்னைப் பார்த்தார். திமிர் என்று நினைத்திருப்பார். பிறகு தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு எழுந்தார். அவரும் கொண்டைதான் போட்டிருந்தார். கவசத்தை மாட்டினார். பட்டை தோளிலிருந்து வழிந்தது. தலைக்கவசத்தை வைத்து அழுத்தினார். அது கொண்டையில் முட்டி முன்னால் சரிந்தது. கையால் தூக்கிவிட்டுக்கொண்டார்.

"இப்ப கீழே ஒரு வயசானவங்க விழுந்து கிடக்கறாங்கன்னு வெச்சுக்குங்கம்மா. தூக்குங்க."

அவர் குனிந்தார். தலைக்கவசம் அவர் மூக்கு வரை இறங்கியது. கவசத்தின் விளிம்பு தாடையில் பட்டு, பல் மோதும் சத்தம் எனக்குக் கேட்டது. அவர் அப்படியே கொஞ்ச நேரம் குனிந்திருந்தார். யாரும் சிரிக்கவில்லை. நிமிர்ந்து தலைக்கவசத்தைக் கழற்றியபோது அவர் முகம் சிவந்திருந்தது.

"அந்தப் பொண்ணு எப்படி இருக்கா?" என்று கேட்டார்.

"கை தூக்க முடியலம்மா."

"சரி. போங்க."

மெமோவை எச்சரிக்கையோடு முடித்துவைத்தார்கள். அதோடு ஓர் உத்தரவும் வந்தது. கவசங்களைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும். அதாவது, நாங்கள் தைத்ததை நாங்களே பிரிக்க வேண்டும். நான் வாழ்க்கையில் அவ்வளவு ஆத்திரத்தோடு நூல் அறுத்ததில்லை. ஓய்வறையில் அதே பெண்கள், அதே வட்டம். பிளேடால் ஒவ்வொரு தையலாக வெட்டினோம். ஒருத்தி அறுக்கும்போதே அழுதாள். அடுத்து வந்த பந்தோபஸ்துகளுக்கு மறுபடியும் தொளதொளத்த கவசத்தோடு போனோம், ஒருவருக்கொருவர் முதுகில் கிளிப் போட்டுவிட்டுக்கொண்டு. அந்த மாதங்களில் பெரிய கல்லெறி எதுவும் நடக்கவில்லை. எங்களைக் காத்தது அதிர்ஷ்டம். அதற்கு யாரும் நிதி ஒதுக்கவில்லை.

என் தோழியின் தாடை சேர்ந்துவிட்டது. பேச்சு முன்போல வந்துவிட்டது. தோள் வரவில்லை. வலது கையைக் காதுக்கு மேலே அவளால் தூக்க முடியாது. திருவான்மியூரில் பிசியோதெரபிக்கு என் ஸ்கூட்டரில் அழைத்துப் போவேன். வலி பொறுக்காமல் பல்லைக் கடித்துக்கொண்டு கையைத் தூக்குவாள், பாதியில் நின்றுவிடும். எஸ்.ஐ. தேர்வுக்கு எழுத்துப் பாடமெல்லாம் தயாராக வைத்திருந்தாள். உடல்தகுதியில் தேறாது என்று மருத்துவர் சொன்ன அன்று, கடற்கரைப் பக்கம் போகலாம் என்றாள். போனோம். மணலில் உட்கார்ந்தோம்.

பிறகு, "வுடுக்கா. தலையெழுத்து" என்றாள்.

"தலையெழுத்துன்னு சொல்லாதடீ" என்று நான் கத்தினேன். சுண்டல் விற்கிறவர்கூடத் திரும்பிப் பார்த்தார். "தலையெழுத்துன்னா யாரும் பொறுப்பில்லன்னு ஆயிடும். ஒரு அளவு நாடாவை எடுத்து ஒரே ஒரு பொண்ணைக் கூப்பிட்டு அளந்திருந்தா இது நடந்திருக்காது. அது தலையெழுத்து இல்ல."

அவள் மணலைக் கையில் அள்ளிக்கொண்டு, "எனுக்குந்தான் கோவம் கீது. ஆனா தினம் கோவத்தோட எப்டிக்கா தூங்கறது?" என்றாள். நான் தூங்குவதில்லை என்று அவளிடம் சொல்லவில்லை.

அவளை வரவேற்பு மேசையில் போட்டார்கள். புகார் கொடுக்க வருகிறவர்களை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, விஷயத்தைக் கேட்பது வேலை. நன்றாகச் செய்கிறாள். மேலே இருப்பவர்கள், "சரியான இடத்துல சரியான ஆள்" என்று பாராட்டுகிறார்கள். அந்தப் பாராட்டைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் மூளும். அவள் அந்த மேசையில் உட்கார்ந்தது அவள் விருப்பத்தாலா?

போன மாதம் புதிய நிதியில் மறுபடியும் கவசங்கள் வந்திருக்கின்றன. இம்முறை அளவுகள் இருக்கின்றன: சிறியது, நடுத்தரம், பெரியது. பட்டையை இழுத்து இறுக்க வழி இருக்கிறது. தலைக்கவசத்தின் பின்பக்கம் கொண்டை உட்காரும் அளவுக்கு வளைத்திருக்கிறார்கள். அந்த உதவி ஆணையர் அம்மா விடாமல் எழுதி எழுதித்தான் கொள்முதலில் இது சேர்ந்தது என்று இன்ஸ்பெக்டர் சொன்னார். அந்த அம்மாவுக்கு என் மனசார நன்றி. அதை இங்கே சொல்லாவிட்டால் தப்பு.

பெட்டியைப் பிரித்து என் அளவை எடுத்தேன். சாமான் அறையில் நின்று மாட்டினேன். பட்டையை இழுத்தேன். அது தோளில் உட்கார்ந்தது. மார்புப் பலகை மார்பில் நின்றது. தலைக்கவசம் போட்டுக் குனிந்தேன், நிமிர்ந்தேன். எதுவும் அசையவில்லை. சட்டையைப் போட்டுக்கொள்வதுபோல் அவ்வளவு எளிதாகப் பொருந்திவிட்டது.

அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஏதோ பெரிய விஞ்ஞானம் தேவைப்பட்டது, அதனால்தான் காலம் ஆயிற்று என்றால் பொறுத்திருப்பேன். இதில் ஒரு விஞ்ஞானமும் இல்லை. கொஞ்சம் குறுகலாக வெட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். முதல் தடவையே இப்படி வெட்டியிருக்க முடியும். கவசத்தோடு அங்கேயே பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதேன். உட்கார்ந்தபோது தாடையில் இடிக்கவில்லை. அதற்கும் சேர்த்து அழுதேன்.

இன்ஸ்பெக்டர் வாசலில் வந்து நின்றார். "என்னம்மா, கேட்டது வந்துடுச்சு. இப்ப சந்தோஷம்தானே?"

"இல்லைங்கய்யா" என்றேன்.

நான் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, மற்ற பெண்களுக்கு அளவு பார்த்துக் கொடுக்க ஒவ்வொருத்தராக உள்ளே கூப்பிட்டேன்.